ஒரு சுழியால் வந்த சண்டை

எழுத்துப் பிழையைக் கண்டால் தாமரைக்குக் கை சும்மா இருக்காது. கடைப் பலகையில் பிழை இருந்தால்கூட மனத்துக்குள் அதைத் திருத்திவிட்டுத்தான் நகருவாள். நாடகத்தைத் தட்டச்சு செய்யும் வேலை அவளுக்கு வந்ததும் அதனால்தான்.

நாடகத்தை எழுதியவன் ஜுஹைர். கிள்ளானிலிருந்து ஒத்திகைக்கு வரும் ஐந்து முஸ்லிம் பிள்ளைகளில் ஒருவன். தாமரையோடு சேர்த்து பிரிக்பீல்ட்ஸ் பகுதி இந்துப் பிள்ளைகளும் ஐந்து பேர். இரண்டு கூட்டத்தையும் ஒரே நாடகத்தில் சேர்த்தவர் குமுதா அக்கா. கல்லூரியில் படிப்பவர்.

"எல்லாரும் தமிழ்தான் பேசுறீங்க. ஆனா ஒருத்தரோட ஒருத்தர் பேச மாட்டேங்கிறீங்களே!" என்பார்.

மூன்று வாரம் ஆகியும் இடைவேளையில் இரண்டு மூலை, இரண்டு பிஸ்கட் டின்தான்.

கிள்ளானில் வெள்ளம் வந்த நாள்தான் கதை. ஒரு முஸ்லிம் குடும்பமும் ஓர் இந்துக் குடும்பமும் ஒரே கூரைமேல் ஏறித் தப்பிக்கின்றன. குமுதா அக்கா வேடங்களை மாற்றிக் கொடுத்திருந்தார். முஸ்லிம் குடும்பமாக பிரிக்பீல்ட்ஸ் பிள்ளைகள், இந்துக் குடும்பமாக கிள்ளான் பிள்ளைகள். தாமரை முஸ்லிம் வீட்டு மகள்.

ஜுஹைரின் கையெழுத்துத் தாளில், வெள்ளத்தில் தனியாக மாட்டிக்கொண்ட மகள் 'அத்தா! அத்தா!' என்று கத்தினாள். பதினோரு இடத்தில் அப்படியே இருந்தது.

'பாவம், இவனுக்குச் சுழி போடத் தெரியவில்லை' என்று தாமரை நினைத்தாள். பயந்துபோன பெண் அம்மாவைத்தானே கூப்பிடுவாள்? பதினோரு இடத்திலும் 'ஆத்தா' என்று திருத்தினாள்.

அந்தக் காட்சியை முதல்முறையாக ஒத்திகை பார்த்த சனிக்கிழமை எல்லாருக்கும் புதுத் தாள் கிடைத்தது. தாமரை மேடையில் நின்று தொண்டை கிழியக் கத்தினாள்.

"ஆத்தா! ஆத்தா! எங்க இருக்கீங்க?"

உள்ளே ஓடி வந்தது அப்பா வேடத்துக்குத் தாடி ஒட்டிய பிரவின். வந்தவன் ஒரு கணம் விழித்தான். பிறகு இடுப்பில் கை வைத்து, பெண் குரலில், "இதோ வந்துட்டேன்டி, என் மகளே!" என்றான்.

பிரிக்பீல்ட்ஸ் பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். தாமரையும் சிரித்தாள்.

ஜுஹைர் எழுந்து நின்றான். "யாரு இத மாத்தினது?"

தாமரையின் சிரிப்பு பாதியில் நின்றது.

"எங்க அத்தா கழுத்தளவு தண்ணியில என்னைத் தோள்ல தூக்கிட்டு வந்தாரு. அதத்தான் எழுதினேன். உங்களுக்கு ஜோக்கா?"

அவன் தாளைக் கீழே வைத்துவிட்டு வெளியேறினான். மற்ற நால்வரும் பின்னாலேயே போனார்கள். வாசலில் காலணி மாட்டிக்கொண்டே ருமானா திரும்பிப் பார்த்தாள்.

"அத்தான்னா எங்க வீட்டுல அப்பா. அதுகூடத் தெரியாதா?"

தாமரைக்குக் காது சுட்டது. வாயைத் திறக்காமல் இருந்தால் யாருக்கும் தெரியாது என்று ஒரு நினைப்பு வந்தது. செய்த தவற்றைவிட அந்த நினைப்புக்குத்தான் அவள் அதிகமாக வெட்கப்பட்டாள்.

"போனா போகட்டும்லா. நாமளே எல்லா வேஷமும் போட்டுக்கலாம்" என்றான் பிரவின்.

"அது அவனோட கதை. அவன் இல்லாம நாடகம் கிடையாது" என்றாள் தாமரை.

நாடகத்துக்கு இன்னும் ஒரு வாரம்தான் இருந்தது.

மறுநாள் குமுதா அக்காவைக் கூட்டிக்கொண்டு கிள்ளானுக்கு ரயில் ஏறினாள். வழியில் அக்காவிடம் எல்லாவற்றையும் சொன்னாள். அக்கா திட்டவில்லை. "அவன்கிட்ட நீயே பேசு. நான் பக்கத்துல இருக்கேன்" என்றார்.

ஜுஹைரின் அப்பா அகமது, தம் கடையில் ரொட்டி சானாய்க்கு மாவு வீசிக்கொண்டிருந்தார்.

"அத்தா, ரெண்டு ரொட்டி!" என்று உள்ளிருந்து ஜுஹைரின் குரல் கேட்டது. அவர் திரும்பாமலே, "வருதுப்பா!" என்றார். எவ்வளவு சாதாரணமான சொல்!

"நாடகப் பிள்ளையா? வாங்க வாங்க, பசியாறிட்டீங்களா?" என்றார் அவர். "இவன் ஒண்ணுமே சொல்ல மாட்டேங்கிறான். சனிக்கிழமை நாடகம் பார்க்கக் கடைய மூடிட்டு வரேன்லா. பெருநாளத் தவிர இந்தக் கடைய நான் மூடினதே இல்ல!"

தட்டோடு வந்த ஜுஹைர் தலையைக் குனிந்துகொண்டான். நாடகத்தை விட்டு வந்ததை அவன் இன்னும் வீட்டில் சொல்லவில்லை.

கை கழுவும் இடத்தில் தாமரை அவனைப் பிடித்தாள். "நான்தான் மாத்தினேன்."

"வேணும்னேவா?"

"இல்ல. நீ தப்பா எழுதிட்டேன்னு நினைச்சேன். உன்கிட்ட கேட்டிருக்கணும். கேக்கல. அப்புறம் சிரிச்சேன். சாரி."

ஜுஹைர் குழாயை மூடினான். "இங்க சொல்றது ஈஸி. எல்லார் முன்னாடியும் சொல்லுவியா?"

"சொல்றேன்."

"பார்ப்போம்."

புதன்கிழமை கிள்ளான் பிள்ளைகள் வந்தார்கள். ஆனால் காலணியைக் கழற்றாமல் வாசலிலேயே நின்றார்கள்.

தாமரை மேடை ஏறினாள். "அத்தாவ ஆத்தான்னு மாத்தினது நான்தான்."

"ஸ்பெல்லிங் ராணிக்கே தப்பா!" என்றான் பிரவின். இரண்டு பேர் சிரித்தார்கள்.

அவள் இறங்கவில்லை. "எங்க வீட்டுல அப்பாவ நைனான்னு கூப்பிடுவோம். ரெண்டாம் வகுப்புல அதக் கேட்டு எல்லாரும் சிரிச்சாங்க. அன்னையிலருந்து வெளியில அப்பான்னுதான் கூப்பிடுறேன். அவரு ஏன்னு கேட்டதே இல்ல. சிரிச்சா எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியும். தெரிஞ்சும் சிரிச்சேன்."

பிரவின் தலையைச் சொறிந்தான். "நானும்தான். சாரிடா ஜுஹைர்."

ஜுஹைர் குனிந்து காலணியைக் கழற்றினான். ருமானாவும் கழற்றினாள்.

"நைனா நல்லாத்தான் இருக்கு" என்றபடி அவன் மேடைக்கு வந்தான். "ஆனா நீ ரொம்ப இழுத்துக் கூப்பிடுற. தண்ணி வாய்க்குள்ள போறதுக்குள்ள கூப்பிடணும். சட்டுன்னு."

தாமரை மூச்சை இழுத்துக்கொண்டாள்.

"அத்தா!"

மேடையின் அந்தக் கோடியிலிருந்து பிரவின் ஓடி வந்தான். இந்த முறை அப்பாவாகவே வந்தான்.