தடியனும் வெட்டுக்கிளியும்

அன்று காலையில் மூன்றாவது முறையாகச் சிடு துடைப்பத்தைக் கையில் எடுத்தாள்.

சலூனில் அதுதான் சட்டம். முடிவெட்ட வந்து காத்திருப்பவர்களுக்காகச் சுவரில் ஒரு டிவியும், அதன் கீழே ஒரு பழைய வீடியோ கேமும் வைத்திருந்தார் சலூன்காரர். விடுமுறை நாட்களில் கூட்டம் இல்லாதபோது பிள்ளைகள் விளையாடலாம். சண்டையில் தோற்றவர் தரையில் கிடக்கும் முடியைக் கூட்ட வேண்டும்.

"சும்மா விளையாடிட்டுப் போக இது என்ன மாமியார் வீடா?" என்பார் சலூன்காரர்.

சிடுவுக்கு வீட்டில் வேறு பெயர் உண்டு. மூக்குக்கு மேல் கோபம் வருவதால் தெருவில் அவள் சிடு. அவளைத் தோற்கடித்தவன் மருந்துக்கடைக்காரர் மகன். தெருவில் அவன் பெயர் அவசரம். சட்டைப் பொத்தான்களை மாற்றிப் போட்டுக்கொண்டு வருவான். அடுத்தவர் கேட்டு முடிப்பதற்குள் பதில் சொல்லிவிடுவான்.

அந்த விளையாட்டில் பன்னிரண்டு சண்டைக்காரர்கள். ஆளைத் தேர்ந்தெடுக்கும்போதே அவரவர் பலமும் பலவீனமும் கோடுகளாகத் திரையில் வந்து நிற்கும். சிடுவின் ஆளுக்கு வலிமைக் கோடு திரையின் ஓரம் வரைக்கும் ஓடும். வேகக் கோடு இருக்கிறதா என்று கண்ணைச் சுருக்கித்தான் பார்க்க வேண்டும். அவனுக்கு வாயில் நுழையாத ஒரு பெயர் போட்டிருந்தது. பிள்ளைகள் வைத்த பெயர் தடியன். ஒரே ஒரு முறை பிடித்துத் தூக்கி எறிந்தால் எதிரியின் உயிரில் பாதி காலி. ஆனால் அவன் நடந்து போய்ப் பிடிப்பதற்குள் எதிரி ஒரு குட்டித் தூக்கம் போட்டு எழுந்துவிடலாம்.

அவசரத்தின் ஆள் பச்சை உடுப்புப் போட்ட ஒல்லிக்காரி. பெயர் வெட்டுக்கிளி. அடி பலமாக விழாது. ஆனால் குதித்து வந்து தலையில் ஓர் உதை விட்டு, பிடிக்கக் கை நீட்டுவதற்குள் பறந்துவிடுவாள்.

"ஆளை மாத்திக்கோயேன்" என்று எல்லோரும் சொல்லிப் பார்த்துவிட்டார்கள். சிடு மாற்றவில்லை. எத்தனை அடி வாங்கினாலும் தடியன் முகம் சுளிக்க மாட்டான். அது அவளுக்குப் பிடித்திருந்தது.

அவள் கூட்டிக்கொண்டிருந்தபோது கண்ணாடிக் கதவுக்கு வெளியே அம்மா போனாள். முதுகில் மாவு மூட்டை. குறுகலான தெரு. லாரி உள்ளே வராது. தெருமுனையில் இறக்கி, சலூனைத் தாண்டிக் கிடங்கு வரைக்கும் சுமந்துதான் போக வேண்டும்.

"அங்க பாருங்கடா, தடியன் வெளியே போறான்" என்றான் அவசரம். "அதே நடை. உங்கம்மாவைப் பாத்துத்தான் இந்த கேமையே செஞ்சிருப்பாங்க போல."

பெஞ்சில் இருந்த இரண்டு பேர் சிரித்தார்கள்.

சிடுவுக்குக் காது சுட்டது. துடைப்பத்தைக் கீழே போட்டாள்.

"நாளைக்குக் காலையில வா. மூணு சுற்று. நான் ஜெயிச்சா எங்கம்மாவைப் பத்தி நீ இனிமே வாயைத் திறக்கக் கூடாது."

"தோத்தா?"

"லீவு முடியிற வரைக்கும் நானே கூட்டறேன்."

"அது பத்தாது. தோத்தா உன் பேரு மூட்டை. நாங்க அப்படிக் கூப்பிட்டா நீ திரும்பிப் பாக்கணும்."

"சரி" என்றாள் சிடு, பல்லைக் கடித்துக்கொண்டு.

"யாரு கூட்டினாலும் எனக்குச் சம்மதம்" என்றார் சலூன்காரர். "நாற்காலிக்கு அடியிலயும் கூட்டணும், அவ்வளவுதான்."

கோபத்தோடு சிடு நேரே லாரிக்குப் போனாள். அவசரத்தின் மேல் இருந்த கோபத்தை அம்மாவின் தலையில் கொட்டினாள்.

"நீ ஏன் சலூன் வழியா போற?"

"வேற எந்த வழி இருக்கு? மூட்டையோட மாடிக்கு மாடி தாவட்டுமா?"

"கொஞ்சம் வேகமாவாவது நடக்கலாம்ல?"

அம்மா வியர்வையைத் துடைத்துக்கொண்டு மகளை ஏற இறங்கப் பார்த்தாள்.

"அம்பது கிலோடி. நீ தூக்கிட்டு ஓடு. நான் பின்னாடியே விசில் அடிச்சுக்கிட்டு வரேன். இப்ப தள்ளி நில்லு."

சிடு பக்கத்துக் கடைப் படியில் கைகளைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தாள். யார் முகத்தையும் பார்ப்பதில்லை என்று முடிவு செய்தாள். லாரியைத்தான் பார்த்தாக வேண்டியிருந்தது.

புதிதாக வேலைக்கு வந்த ஒருவர் வேகமாகப் போய், கையை உயர்த்தி ஒரு மூட்டையை இழுத்தார். அது சரிந்து அவரையும் இழுத்துக்கொண்டு இரண்டடி தள்ளிப் போய் நின்றது. அம்மாவைவிட ஒன்றரை மடங்கு பெரிய ஆள் அவர்.

அடுத்து அம்மா. கோணியை மடித்து முக்காடு போலத் தலையில் போட்டுக்கொண்டாள். லாரிக்கு முதுகைக் காட்டினாள். முழங்காலைக் கொஞ்சம் மடக்கினாள். அப்படியே நின்றாள். அவசரமே படவில்லை.

மேலே இருந்தவர் மூட்டையைத் தள்ளினார். அது முதுகைத் தொட்டதுதான் தெரியும், அம்மா எழுந்து நடந்துகொண்டிருந்தாள்.

சிடு கட்டியிருந்த கைகளைப் பிரித்தாள்.

அம்மா மூட்டையைத் தேடிப் போகவே இல்லை. மூட்டைதான் அம்மாவிடம் வந்தது. வெட்டுக்கிளியும் தானாகத்தானே வருகிறாள்? இத்தனை நாளாகத் தடியனை எதற்கு அவள் பின்னாலேயே ஓட்டிக்கொண்டு போனேன்?

தன் மேலேயே அவளுக்குக் கோபம் வந்தது.

மறுநாள் சலூன் பெஞ்சில் இடமில்லை. முதல் சுற்று தொடங்கியதும் அவசரம் சொன்னான், "வா மூட்டை, வா."

அவ்வளவுதான். நேற்று யோசித்ததெல்லாம் சிடுவுக்கு மறந்துபோனது. தடியனை விரட்டிக்கொண்டு போனாள். ஏழு உதை. தடியன் மல்லாந்தான்.

"துடைப்பம் எங்க மாமா?" என்று சலூன்காரரைக் கேட்டான் அவசரம்.

சிடு உள்ளங்கையைப் பாவாடையில் துடைத்தாள். இரண்டாவது சுற்றில் தடியனைக் குனிய வைத்தாள். முழங்கால் மடங்கியது. அப்படியே நிறுத்தினாள்.

"பயந்துட்டா" என்றது பெஞ்சு.

கட்டைவிரல் அரித்தது. ஓடு, ஓடு என்றது. அவள் அசையவில்லை. வெட்டுக்கிளி குதித்தாள். தலைக்கு மேல் வந்தாள். கால் தடியன்மேல் படுகிற நேரத்தில் சிடு பொத்தானை அழுத்தினாள்.

தடியன் அவளைப் பிடித்துச் சுவரில் எறிந்தான். பாதி உயிர் போனது. இன்னொரு முறை குதித்தாள். மீதியும் போனது.

சலூன்காரர் கத்தரியை நிறுத்திவிட்டார். பாதித் தலையோடு நாற்காலியில் இருந்தவரும் டிவி பக்கம் திரும்பினார்.

கடைசிச் சுற்று. அவசரத்துக்கும் விஷயம் புரிந்துவிட்டது. குதிக்காமல் நின்றான். அப்படியே நின்றிருந்தால் சிடுவின் பாடு திண்டாட்டம்தான். ஆனால் அவனுடைய ஒரு கால் ஆட ஆரம்பித்தது. பிறகு இன்னொரு கால். சும்மா இருக்க அவனால் முடியாது. அந்தப் பலவீனத்தை விளையாட்டு எந்தக் கோட்டிலும் காட்டவில்லை.

அப்போது கதவுக்கு வெளியே ஒரு நிழல் மெதுவாகப் போனது.

"அங்க பாரு, உங்கம்மா" என்றான் அவசரம். "மூட்டை தூக்கிட்டு..."

சிடு திரும்பவில்லை. கோபம் இல்லாமல் இல்லை. அந்தக் கோபமும் தடியனைப் போலவே முழங்காலை மடக்கிக் காத்திருந்தது.

அவசரத்துக்குப் பொறுக்கவில்லை. குதித்தான்.

ஒரு பிடி, ஒரு வீச்சு. எழுந்ததும் ஆத்திரத்தில் மறுபடி குதித்தான். இன்னொரு பிடி.

பெஞ்சு கத்திய கத்தலில் சீப்பு கீழே விழுந்தது.

"பட்டன் சரியில்ல" என்றான் அவசரம்.

"துடைப்பம் நல்லாத்தான் இருக்கு" என்று நீட்டினார் சலூன்காரர்.

அவசரம் பறந்து பறந்து கூட்டினான். முடியெல்லாம் எழும்பி அவன் மூக்கிலேயே நுழைந்தது. நான்கு தும்மல் தும்மினான்.

"மெதுவா" என்றாள் சிடு. "நாற்காலிக்கு அடியில விட்டுட்ட, பாரு."

வெறுங்கையோடு திரும்பிக்கொண்டிருந்த அம்மா கதவைத் திறந்து எட்டிப் பார்த்தாள்.

"என்னடி, இன்னிக்கும் துடைப்பமா?"

"இன்னிக்கு என் முறை இல்லம்மா." சிடு எழுந்து வந்து கதவைப் பிடித்துக்கொண்டாள். "அடுத்த மூட்டையும் இந்த வழியாத்தானே வரும்?"

"நேத்தே சொன்னேன்ல, வேற எந்த வழி இருக்குன்னு?"

"இந்த வழியாவே வா" என்றாள் சிடு, உள்ளே இருந்த எல்லோருக்கும் கேட்கும்படி. "மெதுவாவே வா."