தளவாய்க்குக் கொடுத்த வாக்கு

கடுவன் பூனை தளவாய், ஆவுடையப்பனின் கட்டைவிரலைக் கடித்தபோது பல் எலும்பில் போய் முட்டிய சத்தம் அடுக்களையில் நின்ற அவர் மனைவி பேராச்சிக்கே கேட்டது. அவள் ஓடி வருவதற்குள் பூனை விரலை விட்டு மணிக்கட்டைப் பிடித்துவிட்டது. முன்னங்கால்களால் கையைக் கட்டிக்கொண்டு, பின்னங்கால் நகங்களால் முழங்கைவரை வரிவரியாகக் கிழித்தது. ஆவுடையப்பன் கையை உதறினார். நாலரைக் கிலோப் பூனை கையோடு போய்ச் சுவரில் மோதிக் கீழே விழுந்தது. விழுந்த வேகத்திலேயே அலமாரிமேல் தாவி ஏறி நின்று சீறியது. தரையெல்லாம் ரத்தம். அந்த ரத்தத்துக்குள் கிடந்த, பூனைக்குப் பல் துலக்கும் சான்றுத் தூரிகை மட்டும் தன் கடமையில் குறியாக இருந்தது.

"இன்று துலக்கவில்லை. இரண்டாம் நாள்," என்று அது அறிவித்தது.

"நாளைக்கும் இப்படின்னா தூக்கிட்டுப் போயிருவாவ," என்றாள் பேராச்சி, பழைய சேலையைக் கிழித்து அவர் கையைச் சுற்றியபடி.

தூக்கிக்கொண்டு போனால் திரும்பி வராது. அது பாளையங்கோட்டையில் எல்லோருக்கும் தெரியும். பூனையின் ஈறில் வளர்ந்த கிருமி மனிதர்களுக்குத் தாவி, ஒரே கோடையில் ஊரில் பாதிப் பேரைப் படுக்கையில் தள்ளிப் பதினோரு வருடம் ஆகிறது. அன்றிலிருந்து பூனை வைத்திருப்பவர்கள் தினமும் வீட்டிலேயே அதற்குப் பல் துலக்கியாக வேண்டும். கறை எவ்வளவு, ஈறு சிவந்திருக்கிறதா, கடைவாய்ப்பல்வரை தேய்த்தார்களா என்பதையெல்லாம் தூரிகையே பார்த்துப் பல்நல ஆணையத்துக்குச் சொல்லிவிடும். தொடர்ந்து மூன்று நாள் தவறினால் வண்டி வரும், ஊசி போடும், முடிந்தது கதை.

ஆவுடையப்பனுக்குப் பிள்ளைகள் இல்லை. அனல்மின் நிலையத்தில் முப்பது வருடம் கொதிகலனோடு கத்திக் கத்தியே குரல் தடித்துப்போன மனிதர். ஆறு வருடமாகத் தளவாயின் உதட்டைத் தூக்கி, தூரிகையை நுழைத்து, அதன் பல்லைத் துலக்கிவருகிறவர். அந்த ஆறு வருடத்தில் ஒரு கீறல்கூட அவர் மேல் விழுந்ததில்லை. ஊரில் மற்றவர்கள் எல்லாம் கடிபட்டுக் கட்டுப் போட்டுத் திரிந்தபோது, இவர் மட்டும் முழுக்கையோடு கடைத்தெருவில் பெருமை பேசிக்கொண்டிருந்தார். எல்லாம் பதினைந்து நாள் முன்பு காட்சிப்பட்டை வரும்வரைதான்.

காட்சிப்பட்டை பூனையின் கழுத்தில் கட்டுவது. பூனைக்கு மொழி ஏது? அதனால் பட்டை எதையும் மொழிபெயர்ப்பதில்லை. பதிவு செய்த ஒரே ஒரு குரல் என்ன சொல்கிறதோ, அதை இனி நடக்கப்போகும் காட்சியாக மாற்றிப் பூனையின் மூளைக்குள் ஓட்டும். 'உதட்டைத் தூக்குவேன், பல்லைத் தேய்ப்பேன், முடிந்ததும் மீன்களி தருவேன்' என்றால் அத்தனையும் பூனைக்குப் படமாகத் தெரியும். வரப்போவது தெரிந்தால் பயம் எதற்கு? ஆய்வுக்கூடத்தில் நாலாயிரம் பூனைகள் கொட்டாவி விட்டபடி பல்லைக் காட்டினவாம். ஆணையம் மயங்கிப்போய், வீட்டுக்கு வீடு பட்டையைக் கட்டாயமாக்கிவிட்டது. கழற்றினால் அதுவும் தவறிய நாள்.

மறுநாள் காலையிலேயே ஆணையத்திலிருந்து கிறிஸ்டில்டா வந்தாள். தூத்துக்குடிக்காரி, முப்பது வயது இருக்கும். கையில் ஒரு பார்வைப் பலகை. பூனைக்கு உள்ளே ஓடும் படத்தை அது வெளியே காட்டும். ஆவுடையப்பனின் இரண்டு கைகளிலும் இருந்த கட்டுகளைப் பார்த்துவிட்டு அவள் வாசலிலேயே நின்றுவிட்டாள்.

"அண்ணாச்சி, தினமும் என்ன சொல்லிக் கூப்பிடுவீங்களோ அப்படியே கூப்பிடுங்க. நான் இங்கன நின்னு பாக்கேன்."

ஆவுடையப்பன் அலமாரியை அண்ணாந்து பார்த்தார். குரல் தானாகவே குழைந்தது.

"ஏல செத்த மூதி, கீழ இறங்குதியா, காலை ஒடிக்கவா?"

பலகையில் படம் வந்தது. மலைபோல ஒரு மனிதன். ஆவுடையப்பனின் முகம்தான். ஒரு பூனையின் முன்னங்காலைப் பிடித்து முருங்கைக்காயை ஒடிப்பதுபோல ஒடித்தான். அலமாரிமேல் தளவாய் முதுகைத் தூக்கிக்கொண்டு அலறியது. அவர் பலகையைக் கவனிக்கவில்லை, பூனையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்னலே கத்துத? வாயைத் தொறக்கலன்னா பல்லைத் தட்டிக் கையில குடுத்துருவேன் பாத்துக்கோ. தோலை உரிச்சு உப்புக்கண்டம் போட்டுருவேன் என் ராசா."

பலகையில் ஒரு முஷ்டி இறங்கியது. பற்கள் தெறித்தன. அவற்றைப் பொறுக்கி அந்த மலைமனிதன் பூனையின் பாதங்களிலேயே வைத்தான். பிறகு அதன் கழுத்திலிருந்து வால்வரை தோலை ஒரே இழுப்பில் உரித்து, சிவந்து துடித்ததை உப்பில் புரட்டிக் கொடியில் தொங்கவிட்டான். பேராச்சி முந்தானையை வாயில் வைத்து அடைத்துக்கொண்டாள். அப்போதுதான் ஆவுடையப்பன் திரும்பிப் பார்த்தார்.

 அப்படியே தரையில் உட்கார்ந்தார்.

"இது கொஞ்சுதது தாயி!" என்றார். "சத்தியமா நான் கொஞ்சுதேன்."

"எனக்குத் தெரியுது அண்ணாச்சி. எங்க ஊர்லயும் இப்படித்தான் கொஞ்சுவாங்க. அதுக்குத் தெரியாதே."

"ஆறு வருசமா இதையேதான் சொல்லுதேன். கேட்டுக்கிட்டே மடியில கெடந்து தூங்குமே!"

"அப்ப உங்க குரலை மட்டும் கேட்டுச்சு. இப்ப நீங்க சொல்லுததைக் கேக்குது."

பட்டையைக் கண்டுபிடித்தவர்கள் ஆய்வுக்கூடத்தில் அச்சடித்த வாக்கியங்களைத்தான் பூனைகளிடம் வாசித்தார்கள். திருநெல்வேலிக்காரன் பிரியம் வந்தால் எப்படிப் பேசுவான் என்று அவர்களில் ஒருவரும் கேட்கவில்லை. பதினைந்து நாளாக ஒரு பூனை நாளுக்கு இருபது தடவை கொலையாகிக்கொண்டிருந்திருக்கிறது, அதுவும் தான் உயிராக நம்பிய ஒருவரின் கையால். அது கையோடு நிறுத்தியதே பெரிய காரியம். ஆவுடையப்பன் குலுங்கிக் குலுங்கி அழுதார். அறுபது வயதில் அப்படி அழுவதற்கு அவர் வெட்கப்படவும் இல்லை.

கிறிஸ்டில்டா பக்கத்தில் உட்கார்ந்து பொறுமையாகச் சொல்லிக்கொடுத்தாள். மிரட்டல் கூடாது. எது நடக்குமோ அதைச் சொல்ல வேண்டும். நல்லதாகச் சொல்ல வேண்டும். முக்கியமாக, தருகிறேன் என்று சொன்னதைத் துலக்கி முடிந்ததும் தந்துவிட வேண்டும்.

"ரெண்டு மூணு நாள் சொன்னபடி நடந்துச்சுன்னா நம்பிரும். பூனைக்கு வாக்குதான் அண்ணாச்சி பெருசு."

அன்று அவள் முன்னிலையிலேயே ஆவுடையப்பன் வாயைத் திறந்தார். வேர்த்துக் கொட்டியது. "கீழ வா. உன்னை... உன்னைத் தடவிக் குடுப்பேன். உதட்டைத் தூக்குவேன். வலிக்காமத் தேய்ப்பேன். முடிஞ்சதும் மீன்களி தாரேன்." ஏதோ மனு வாசிப்பதுபோல இருந்தது அவருக்கே. ஆனால் பலகையில் ஒரு பெரிய கை வந்து ஒரு பூனையின் தலையைத் தடவியது. அலமாரிமேல் இருந்த காதுகள் மெதுவாக நிமிர்ந்தன. கால்மணி நேரத்துக்குப் பிறகு தளவாய் இறங்கி வந்து, ஓரடி தள்ளி உட்கார்ந்து, முகத்தை நீட்டியது. அவர் விரலால் உதட்டைத் தூக்கி, ஈறு விளிம்பில் தூரிகையைச் சாய்த்துப் பிடித்து, வெளிப்பக்கம் மட்டும் சின்னச் சின்ன வட்டமாகத் தேய்த்தார். தூரிகை "இன்று துலக்கியாயிற்று" என்றது. களியைக் கொடுத்தார். தளவாய் அவர் கட்டைவிரலில் சுற்றியிருந்த துணியை நக்கியது.

அந்த ஒரு வாரம் ஆவுடையப்பனைக் கையில் பிடிக்க முடியவில்லை. கருவாட்டுத் துண்டு தாரேன் என்றார், தந்தார். காது மடலைச் சொறிஞ்சு தாரேன் என்றார், சொறிந்து தந்தார். வெயில் விழும் சன்னல் திண்டைக் காலிபண்ணித் தாரேன் என்று சொல்லி, பேராச்சியின் துளசிச் சட்டியைத் தூக்கி முற்றத்தில் வைத்தார். தளவாய் இப்போது காலையில் தானே வந்து மடியில் ஏறி வாயைக் காட்டியது. முப்பத்துநாலு வருடத் தாம்பத்தியத்தில் பெண்டாட்டியிடம்கூட ஒரு நல்ல சொல் சொல்லாத மனிதருக்கு, மடை உடைந்ததுபோல வாய் நிறைய நல்ல சொல்லாக வந்தது. எங் கண்ணு என்றார், என் தங்கம் என்றார்.

"கல்யாணத்தன்னைக்கே உங்க கழுத்துல ஒரு பட்டை கட்டியிருக்கணும்," என்றாள் பேராச்சி. அவளுக்குக் கொஞ்சம் பொறாமைதான்.

எட்டாம் நாள், வருடக்கணக்காக அசையாமல் இருந்த கடைவாய்ப்பல் கறையும் கரைந்துபோயிருந்தது. பல்லெல்லாம் வெள்ளை வெளேரென்று மின்னியது. கோரைப்பல்லின் நுனி ஊசிபோல இருந்தது. தளவாய் மல்லாந்து படுத்து, வயிற்றைக் காட்டிக்கொண்டு அவரைப் பார்த்தது. அவ்வளவு நம்பிக்கையை ஆவுடையப்பன் யார் முகத்திலும் கண்டதில்லை. நெஞ்சு விம்மிவிட்டது. களி, கருவாடு என்று எதைச் சொன்னாலும் அற்பமாகத் தோன்றியது.

"ஒனக்கு நான் என்னத்தத் தருவேன்? எங் கண்ணையே தாரேன்லே," என்றார், கடைசிப் பல்லைத் தேய்த்தபடியே.

தேய்த்து முடித்ததும் தளவாய் எழுந்து உட்கார்ந்தது. களியை நீட்டினார், அதை முகர்ந்துகூடப் பார்க்கவில்லை. இரண்டு முன்னங்கால்களையும் அவர் கன்னங்களில் பதமாக வைத்தது. முத்தம் கொடுக்க வருகிறது என்று நினைத்து அவர் முகத்தைத் தாழ்த்தினார்.

முதலில் நகம் இமையைக் கொக்கிபோட்டு விலக்கியது. பிறகு பல் இறங்கியது. ஆவுடையப்பன் போட்ட கூச்சலில் தெருக்கோடி நாய்கள் குரைத்தன. பூனை சீறவில்லை, முறைக்கவில்லை. களியை எடுத்துக்கொள்ளும் அதே நிதானத்தோடு, தொண்டைக்குள் குர்ர்ரென்று இன்பமாகச் சத்தமிட்டபடி, தனக்குத் தரப்பட்டதைக் கடித்து இழுத்தது. சூடாக ஏதோ அவர் கன்னத்தில் வழிந்து வாய்க்குள் போனது. பேராச்சி தோசைக்கல்லோடு ஓடி வந்தாள். முதல் அடி பூனையின் இடுப்பில் விழுந்தது. இரண்டாவது அடியை ஓங்குவதற்குள் ஆவுடையப்பன் குருடனாகத் துழாவிப் பூனையை நெஞ்சோடு சேர்த்துக் கவிந்துகொண்டார். கல் அவர் தோளெலும்பை உடைத்தது. அவர் ஏதோ கத்தினார். அவள் இன்னும் இரண்டு அடி அடித்த பிறகுதான் அது யார் முதுகு என்று பார்த்தாள்.

"இன்று துலக்கியாயிற்று. நூற்றுக்கு நூறு," என்றது தூரிகை.

சாயங்காலம் ஆஸ்பத்திரிக்குக் கிறிஸ்டில்டா வந்தாள். ஆவுடையப்பனின் பாதி முகம் கட்டுக்குள் இருந்தது. வலக்கண் இனி இல்லை என்று மருத்துவர் சொல்லிவிட்டார். பேராச்சி கட்டில் ஓரத்தில் யாரையும் பார்க்காமல் உட்கார்ந்திருந்தாள். தளவாய் வீட்டுக் கூண்டில் இருந்தது.

"கேக்கதுக்கே கஷ்டமா இருக்கு அண்ணாச்சி," என்றாள் கிறிஸ்டில்டா. "ஆனா கேட்டாகணும். பூனை உங்களைத் தாக்குச்சா? ஆமான்னா வண்டி இப்பவே கிளம்பிரும்."

"தாக்கல," என்றார் அவர். "நான் குடுத்தேன். அது வாங்கிக்கிடுச்சு."

"எய்யா, ஒங்களுக்குப் புத்தி கெட்டுப்போச்சா?" என்று பேராச்சி அழுதாள்.

கிறிஸ்டில்டா பலகையில் பதிவைத் திறந்தாள். அவர் சொன்னது உண்மைதான். துலக்கி முடிந்ததும் உரிமையாளர் தன் கண்ணைத் தருவதாகக் காட்சி, நேரத்தோடு பதிவாகியிருந்தது. பூனையின் மூளையில் கோபம் இல்லை, பயம் இல்லை. பெற்றுக்கொண்டபோது மகிழ்ச்சி மட்டும் உச்சத்தில் இருந்தது. அவள் குற்றம் இல்லை என்று பதிந்தாள். ஆவுடையப்பன் பெருமூச்சு விட்டார். அவருக்கு வேண்டியது அவ்வளவுதான்.

"இன்னொரு காட்சியும் இருக்கு," என்றாள் கிறிஸ்டில்டா. அவள் குரல் மாறிவிட்டிருந்தது. "இது இன்னும் நடக்கல."

பலகையை அமுக்கினாள். தோசைக்கல் சத்தத்துக்கு நடுவே ஆவுடையப்பனின் குரல் அலறியது. 'அதைத் தொடாதட்டி! வேணும்னா என் உசுரை எடுத்துக்கோ!'

"அது நான் இவகிட்டல்லா சொன்னேன்!"

"யாருகிட்டன்னு பட்டைக்குத் தெரியாது. உங்க குரல், அவ்வளவுதான். ஏற்கெனவே துலக்கி முடிஞ்சுட்டதால, அடுத்த தடவை துலக்கினதும் கிடைக்கும்னு அதுக்குப் படம் போயிருக்கு."

"அழிச்சிரு தாயி."

"பலகையில அழிக்கலாம். அது மண்டையில இருந்து அழிக்க வழி இல்ல. தரமாட்டேன்னு சொன்னா அதுக்குப் படமே வராது, வேற யாரு துலக்கினாலும் வாங்க உங்ககிட்டதான் வரும். குரலை மாத்திப் பதியவும் ஆறு மாசம் ஆகும். நீங்க பூனை வேண்டாம்னு எழுதிக் குடுத்தா மட்டும்..." 

"உசுருன்னா அதுக்கு என்னன்னு காட்டிச்சு?" என்று கேட்டார் ஆவுடையப்பன்.

அவள் பலகையைத் திருப்பினாள். ஒரு பெரிய மனிதன் சிரித்த முகத்தோடு தாடையை மேலே தூக்கித் தன் தொண்டையைக் காட்டிக்கொண்டிருந்தான். உசுர் எங்கே இருக்கிறது என்று எலி பிடிக்கிற எந்தப் பூனைக்கும் தெரியும். 

"வேண்டாம்னு எழுதிக் குடுத்துருங்க," என்றாள் பேராச்சி மெதுவாக. "உங்களைக் கும்பிட்டுக் கேக்கேன்."

ஆவுடையப்பன் ஒற்றைக் கண்ணால் கூரையைப் பார்த்தார். ஒரு நாள் துலக்காமல் விடலாம், இரண்டு நாள் விடலாம். மூன்றாம் நாள் வண்டி வந்துவிடும். அவர் பேராச்சியின் பக்கம் முகத்தைத் திருப்பினார். பேச வாயெடுத்தவர், எந்தச் சொல்லை எடுப்பது என்று தெரியாமல் கொஞ்சம் திணறினார்.

"களி தீந்துபோச்சு," என்றார் கடைசியில். "போகும்போது வாங்கிக்கிடு. கழுத்துல நாலு சுத்து வாரமாதிரி கெட்டியா ஒரு துண்டும் எடுத்து வை."