வருகிறேன் என்று வந்த பதில்

"உன் பிள்ளையை நான் எப்போடி பாக்கிறது?" என்று அக்கா நெனிதா ஒருமுறை கேட்டாள். ரோவேனாவுக்கு அப்போது வேலை தலைக்கு மேல் இருந்தது. "மெயில் போடுக்கா, நாள் பாத்துச் சொல்றேன்" என்றாள். அக்கா போட்டாள். மறுபடி மறுபடி போட்டாள். ஒவ்வொரு முறையும் ரோவேனா 'அடுத்த வாரம்' என்றே எழுதினாள். அந்த வாரம் வருவதற்குள் அக்கா செத்துப்போனாள்.

மனிலாவில் ஒரு நம்பிக்கை: இழவு வீட்டிலிருந்து நேரே வீடு திரும்பினால் செத்தவர் பின்னாலேயே வந்துவிடுவார். வழியில் எங்காவது தங்கி, அவரை அங்கே விட்டுவிட்டுத்தான் போக வேண்டும். மற்றவர்கள் காப்பிக் கடையில் தங்குவார்கள். ரோவேனா அலுவலகத்தில் தங்கினாள். ஆளில்லாத மேசைகளுக்கு நடுவே அக்காவின் கடைசி மெயிலைத் திறந்து அழுதாள். அழுதபடியே பதிலும் எழுதி அனுப்பினாள்: "நாளைக்கு மூணு மணிக்கு வீட்டுக்கு வாக்கா. பிள்ளையைப் பாரு."

மெயிலில் யார் யாரைப் பார்ப்பதாகப் பேசினாலும் அதைத் தானே படித்து நாள்காட்டியில் ஏற்றி, இருவருக்கும் அழைப்பும் அனுப்பிவிடும் ஏற்பாடு அந்த அலுவலகத்தில் இருந்தது. அவள் அதை நினைக்கவே இல்லை.

மறுநாள் மதியம் மழை கண்ணாடிச் சுவரைக் கறுப்பாக்கிக்கொண்டு இறங்க, குளிர்காற்றில் எங்கிருந்தோ மெழுகுவத்தியும் வாடிய சம்பகீதா மல்லிகை மாலையும் கலந்த சவப்பெட்டி வாசம் மெல்ல மெல்ல அவள் மேசையைச் சுற்றிக்கொண்டபோது, திரையில் ஒரு வரி வந்தது.

நெனிதா வருகிறார்.

"என்ன வேனா, பேயறைஞ்ச மாதிரி இருக்கே?" என்று பக்கத்து மேசை டிண்டோ எட்டிப் பார்த்தான். "அட, இதுக்கா? 'பாக்கலாம்'னு சும்மா எழுதினதுக்கு எனக்கு என் பழைய காதலியோட சந்திப்பே போட்டுக் குடுத்துச்சு இது! உங்க அக்கா மெயிலை வீட்டுல யாராவது திறந்திருப்பாங்க."

"அவ வீட்டுல யாருமே இல்ல, டிண்டோ. அவ தனியாத்தானே இருந்தா."

டிண்டோ மெல்லத் தன் திரைக்குத் திரும்பிக்கொண்டான்.

அழித்துவிடலாம். ஒரு தட்டு போதும். ஆனால் அக்காவிடம் இன்னொரு முறை 'அடுத்த வாரம்' என்று எப்படிச் சொல்வது? விரல் அப்படியே நின்றது.

வரி மாறியது.

நெனிதா கேட்கும் புதிய நேரம்: இப்போது.

வீட்டுக்குப் போன் போட்டாள். பிள்ளையைப் பார்த்துக்கொள்ளும் லோர்னா எடுக்கவில்லை. மறுபடி போட்டாள். யாரோ எடுத்தார்கள். பேச்சில்லை. மூச்சுமில்லை. தூரத்தில் பிள்ளையின் மழலை மட்டும்.

ஓடினாள். மழை. நகராத வண்டிகள். ஏறிய வண்டியை விட்டு இறங்கி நடந்தாள். ஓடினாள்.

படியில் லோர்னா எதிரே வந்தாள். கையில் துணிப்பை. காலில் செருப்பில்லை.

"லோர்னா! பிள்ளை எங்கே?"

லோர்னா துணிப்பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு மேலே திரும்பிப் பார்த்தாள்.

மேலே கதவு திறந்து கிடந்தது. உள்ளே இருட்டு. பிள்ளை சிரித்தது. யாரோ தூக்கிப் போட்டுப் பிடிக்கும்போது சிரிக்கிற சிரிப்பு. நின்றது. மறுபடி சிரித்தது.

"அக்கா..." என்றாள் ரோவேனா. "போதும்க்கா. குடுத்துடு."

சிரிப்பு நின்றது. மறுபடி வரவில்லை; திறந்த கதவு வழியே வாடிய பூவாசம் மட்டும் படியில் இறங்கி வந்தது.

லோர்னா சுவரோடு ஒட்டி, ரோவேனாமேல் படாமல் விலகி, மழைக்குள் இறங்கிப் போனாள்.