பட்டனுக்கு ஒரு குடுமி

"வெடுக்!"

நாய் பட்டன் அப்பாவின் விரலைக் கவ்விவிட்டது. ரத்தம் வரவில்லை. ஆனால் அப்பா தங்கராஜுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

"நேத்து உங்கம்மா, இன்னைக்கு நானா? நாளைக்குச் சர்ச்சுல பூசை முடிஞ்சதும் சித்திகிட்டயே கொண்டுபோய் உட்டுப்போடலாம்!" என்று தறிச் சத்தத்தையும் மீறிக் கத்தினார்.

மகள் லின்சி அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். கோவை ஆர்.எஸ்.புரத்துச் சித்தியின் புது வீட்டில் நாய் வளர்க்கக் கூடாதாம். அதனால்தான் பட்டன் சோமனூருக்கு, இவர்கள் வீட்டுக்கு வந்தது. திரும்பிப் போனால், முன்பின் தெரியாத யாருக்கோ கொடுத்துவிடுவார்கள்.

"மடியில வெச்சுக் கொஞ்சற ஜாதின்னு சித்தி சொன்னாங்களேப்பா!"

"மடியிலயா? பக்கத்துலயே போக முடியல!"

பட்டன் ஷிட்சு ஜாதி நாய். உடம்பெல்லாம் முடி. எது முன்பக்கம் என்று தெரிய, முதலில் வாலைத் தேட வேண்டும்.

வீட்டை ஒட்டியே தறிக்கூடம். தறி ஓடும் சத்தத்தில் எதுவும் கேட்காது என்பதால் அங்கே யாரும் யாரையும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. பின்னால் வந்து தோளைத் தட்டுவார்கள், அவ்வளவுதான்.

அன்று லின்சி தலைக்குக் குளித்துவிட்டு, தறிக்கூடத்து வாசலில் உட்கார்ந்து ஈர முடியை முகத்தின் மேல் தொங்கவிட்டுக் காயவைத்தாள். மனசெல்லாம் பட்டன்தான். திடீரென்று தோளில் ஒரு தட்டு!

"ஐயோ!"

துள்ளியவள், அந்தக் கையைப் பளாரென்று அடித்துவிட்டாள். முடியை விலக்கிப் பார்த்தால், அப்பா!

"நாந்தான் கண்ணு! சாப்பிட வா."

"கண்ணும் தெரியல, காதும் கேக்கல. பயந்துபோட்டேனுங்கப்பா..."

லின்சி சட்டென்று நிறுத்தினாள். பட்டனுக்கும் கண்ணை மூடி முடி. அதையும் எல்லோரும் பின்னாலிருந்துதானே தொடுகிறார்கள்!

"அப்பா! எனக்குக் கை இருக்கு, அடிச்சேன். பட்டனுக்குப் பல்லுதானே இருக்கு!"

"நாய்க்கு நீ வக்கீலா?" என்றார் அப்பா.

லின்சி பட்டனுக்கு எதிரே உட்கார்ந்தாள். கையை மோந்து பார்க்கவிட்டாள். சிக்கை மெதுவாக எடுத்து, பெரிய பல் சீப்பால் சீவினாள். நெற்றி முடியைச் சேர்த்து, சிவப்பு நூலால் இழுக்காமல் குடுமி கட்டினாள். உள்ளிருந்து இரண்டு கறுப்புக் கண்கள் எட்டிப் பார்த்தன.

"அடேய், இவ்வளவு நாளா எங்கடா ஒளிச்சு வெச்சிருந்தே!"

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்தது. பக்கத்துத் தறிகள் கடகடவென்று ஓடின. பட்டனைக் கொண்டுபோக அப்பா பைக் சாவியோடு வந்தார்.

"ஒரே ஒரு வாட்டிப்பா! முன்னாடி உக்காந்து, கையைத் தாழ்வா நீட்டுங்க."

அப்பா ஒரு கண்ணை இறுக மூடிக்கொண்டு நீட்டினார். பட்டன் பார்த்தது. மோந்தது. கடித்த விரலையே நக்கியது. பிறகு, அவருடைய தேய்த்த வேட்டியில் ஏறிச் சுருண்டு படுத்துக்கொண்டது.

அம்மா சூசைமேரி வந்தார். வழக்கம்போல் பின்னாலிருந்து அப்பாவின் தோளைத் தட்டப் போனவர், கையை இழுத்துக்கொண்டு முன்பக்கமாகச் சுற்றி வந்தார்.

"ஏனுங்க, கிளம்பலீங்களா?"

அப்பா உதட்டில் விரலை வைத்தார்.

"எங்க போறது? தூங்குதில்ல!"

லின்சி அவர் கையிலிருந்த சாவியை வாங்கி, பழையபடி ஆணியில் மாட்டினாள்.