பையைக் கொஞ்சம் வெச்சிருக்கீங்களா...

"காலு...! காலை எடுங்க! கீழ வெக்காதீங்க... ஐயோ, காலை எடுங்கன்னா!"

யாரோ கத்துவது அனுசியாவுக்குக் கேட்கத்தான் செய்தது. காலுக்குக் கேட்க வேண்டாமா? வருஷக்கணக்காக ஸ்கூட்டி ஓட்டிய கால் அது. வண்டி சாயப்போகிறது என்று தானாகவே முடிவு பண்ணிக்கொண்டு, டக்கென்று தரையில் இறங்கிவிட்டது.

மூணு சக்கர வண்டி எங்கே சாயும்? முன்னாடி பார்த்தால் பைக், பின்னாடி பார்த்தால் குட்டி லாரி... அது பாட்டுக்கு உருண்டது. பின்சக்கரம் குதிகாலை உரசிச் செருப்பைப் பிடுங்கிப் போட்டது. எதிரே உடைந்த பீங்கான் குவியல் கிட்டே... கிட்டே... இதோ போச்சு என்று அவள் கண்ணை இறுக மூடியபோது, ஒரு கை குறுக்கே வந்து ஹேண்டில்பாரைப் பிடித்தது. இன்னொரு கை சாவியைத் திருகியது.

வண்டி நின்றது.

"கண்ணை மூடிக்கிட்டா வண்டி ஓட்டுவாங்க?"

"திரும்ப மாட்டேங்குது... நான் என்ன பண்ணுவேன்?"

"நீங்க சாயறீங்க, அதான். சாஞ்சா திரும்பறதுக்கு இது ஸ்கூட்டி இல்லீங்க. ஹேண்டிலை இழுத்துத் திருப்பணும். நிக்கும்போது காலை ஊனவே கூடாது, பின்னாடி சக்கரம் ஏறிடும். ரெண்டுக்கும் மூணுக்கும் வித்தியாசம் இருக்குதுல்ல?"

"மூணு வரைக்கும் எண்ணத் தெரியும் எனக்கு!"

வெடுக்கென்று சொல்லிவிட்டு நிமிர்ந்தாள்... அவ்வளவுதான். அடுத்துச் சொல்ல வைத்திருந்ததெல்லாம் காற்றோடு போய்விட்டது.

அந்தக் கண்கள்...

எப்பவும் இப்பத்தான் தூங்கி எழுந்த மாதிரி, கொஞ்சம் சொக்கிப்போன கண்கள். பதினாலு வருஷத்தில் காதோரம் நரைத்திருந்தது, கன்னம் ஒட்டியிருந்தது. கண் மட்டும் அப்படியே இருந்தது. ஜன்னலோரம், மூணாவது சீட்டு... கடவுளே, இவனா!

நேரம் பார்த்து அப்போதுதான் மழை தூற வேண்டுமா? அவன் இமையில் ஒரு துளி விழுந்து தொங்கியது. அனுசியா அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். முப்பத்தஞ்சு வயசில் இதெல்லாம் தேவையா என்று யாரும் கேட்டுவிடாதீர்கள். மனசுக்கு அந்த நிமிஷம் இருபதுதான்.

அவன் போய்ச் செருப்பை எடுத்து வந்து அவள் காலருகே வைத்தான். தெரிந்த முகம் என்று ஒரு சிரிப்பு... ஒரு 'நல்லா இருக்கீங்களா'... ஊஹூம்.

மறந்துட்டான் என்று நினைத்தாள். சுருக்கென்றது.

விருத்தாசலம் செராமிக் எஸ்டேட்டில் அனுசியாவுக்கு ஒரு சின்ன யூனிட் இருக்கிறது. அப்பா விட்டுப்போனது. நவராத்திரிக்குப் பொம்மை, கார்த்திகைக்கு அகல் விளக்கு. சுடாத பச்சை விளக்குகளை எஸ்டேட்டின் மறுகோடியில் இருக்கும் பொதுச் சூளைக்குக் கொண்டுபோக வேண்டும். வழக்கமாக வரும் லோடு வண்டிக்காரர் இந்த ஐப்பசியில் வண்டியை விற்றுவிட்டு மகன் வீட்டோடு புதுச்சேரிக்குப் போய்விட்டார். சரி, நாமே ஓட்டிப்போம் என்று அவள் பிரபாவின் ஷெட்டுக்கு வந்தாள். பிரபா மூணு சக்கர வண்டிகளை வாடகைக்கு விடுகிற மனுஷர். அவரிடம் ஒரே சட்டம்தான்.

"ஓட்டிக் காட்டாம சாவி கெடையாதும்மா. பச்சை சாமானை ஏத்திக் கவுத்துட்டு, வண்டி சரியில்லன்னு எங்கிட்ட வந்து நிப்பாங்க. என் மச்சினன் நந்தகுமாரு குஜராத்துல மோர்பிலருந்து லீவுல வந்திருக்கான். டைல்ஸ் கம்பெனியில இருக்கான், அங்க இந்த வண்டிதான் ஓடுது. அவன் கத்துக்குடுப்பான்."

மச்சினன் வருவதற்குள், வண்டியில் சாவி தொங்குவதைப் பார்த்து இவளே ஏறி ஓட்டியதில்தான் இத்தனை கூத்தும்.

நந்தகுமார்... அந்தப் பேரே அவளுக்கு அன்றைக்குத்தான் தெரியும்.

பேர் தெரியாமலே ரெண்டு வருஷம் ஓடியிருக்கிறது என்றால் நம்புவீர்களா? ஸ்ரீமுஷ்ணத்திலிருந்து விருத்தாசலம் வரும் காலை பஸ். அவன் அங்கேயே ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்திருப்பான், செராமிக் காலேஜுக்கு. நடுவழியில் ஏறுகிற அனுசியாவுக்கு ஒரு காலை வைக்க இடம் கிடைத்தாலே பெரிய விஷயம். நம்ம பக்கத்து பஸ்ஸில் நிற்கிறவர்கள் பையை உட்கார்ந்திருக்கிறவர் மடியில் கொடுப்பது வழக்கம்தானே? பேரும் கேட்பதில்லை, ஊரும் கேட்பதில்லை. "பையைக் கொஞ்சம் வெச்சிருக்கீங்களா?" அவ்வளவுதான். முதல் நாள் அப்படித்தான் கொடுத்தாள். அப்புறம் அவள் ஏறும்போதே அவன் கை தானாக நீளும்.

ஒரு நாள் டிபன் பாக்ஸ் மூடி கழன்று, சாம்பார் அத்தனையும் அவன் வெள்ளைப் பேண்ட்டில்... அவள் வெட்கத்தில் செத்தே போனாள். அவன் கைக்குட்டையால் பையைத் துடைத்துக் கொடுத்தான். பேண்ட்டைத் துடைக்கக்கூட இல்லை, பைத்தியம்! "பரவால்லீங்க" என்றான். ரெண்டு வருஷத்தில் அவளிடம் அவன் பேசியது அது ஒண்ணுதான். அதை வைத்துக்கொண்டே அவள் எத்தனை நாள்... சரி, விடுங்கள்.

இறங்கும்போது பை அவன் மடிச்சூட்டில் வெதுவெதுவென்று இருக்கும். நெஞ்சோடு அணைத்துக்கொண்டே காலேஜ் வரைக்கும் நடப்பாள்.

அப்புறம் ஒரு நாள் அவள் பையைக் கொடுக்கவில்லை. நீட்டிய கையைத் தாண்டி, முன் சீட்டு அம்மாவிடம் கொடுத்துவிட்டாள். காரணம் இருந்தது. அவளுக்குப் பின்னாலேயே அண்ணன் சிங்காரவேல் ஏறியிருந்தான். ஒரு பையைப் பார்த்தால் போதும், முழுக் கதையையும் அவனே எழுதிவிடுவான். அத்தோடு படிப்புக்கு முழுக்கு! அடுத்த ஸ்டாப்பிலேயே அந்த ஜன்னலோரக்காரன் எழுந்து இறங்கிவிட்டான். காலேஜ் வர இன்னும் எவ்வளவோ தூரம் இருந்தது. மறுநாள் அந்த சீட்டில் வேறு யாரோ.

இவ்வளவுதான் நடந்தது. கையைக்கூடத் தொட்டதில்லை. ஆனால் அதற்கப்புறம் வந்த மாப்பிள்ளைகளில் ஒருத்தரையும் அவளுக்கு ஏன் பிடிக்காமல் போனது? அண்ணனே கெஞ்சிப் பார்த்து அலுத்துவிட்டான்.

"மறுபடியும் சாயறீங்க."

"சாயல!"

"அப்ப வண்டி ஏன் சுவத்தைப் பாத்துப் போவுது?"

"அதுக்குச் சுவத்தைப் புடிச்சிருக்குதோ என்னவோ..."

அவன் சிரித்துவிட்டான். சிரித்தால் அந்தக் கண் ரெண்டும் காணாமலே போய்விடும். தினம் மத்தியானம் எஸ்டேட்டின் பின்பக்க ரோட்டில் பாடம் நடந்தது. ஹேண்டிலை இழுத்துத் திருப்ப வந்துவிட்டது. கால்தான் அடங்கவில்லை, நிறுத்தும்போதெல்லாம் தரையைத் தேடிப் போனது.

"பசை போட்டு ஒட்டிடட்டுமா?" என்றான்.

"ஒட்டிட்டு வூட்டுக்கு யாரு தூக்கிட்டுப் போறது?"

கேட்டுவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டாள். அவன் காது சிவந்துபோனது. ரெண்டு பேரும் அவசர அவசரமாக வானத்தைப் பார்த்தார்கள்.

யூனிட்டில் அவளோடு வேலை செய்யும் மாரியம்மாளுக்குக் கண் பொல்லாத கண்.

"வண்டி கத்துக்கறதுக்கா, பாப்பா, பவுடரு? மழையில நிக்காது பாரு."

"உனக்கு வேற வேலை இல்லியா?"

"இருந்துது, முடிச்சிட்டேன். அந்தப் புள்ளைக்குக் கல்யாணம் ஆவலையாம், கேட்டேன். ஞாயித்துக்கெழம ரயிலு ஏறுதாம்."

"உன்னை யாரு கேக்கச் சொன்னது?"

"உன் மூஞ்சிதான்!"

ஞாயித்துக்கெழமை... இன்னும் விரல் விட்டு எண்ணுகிற நாள்தான். இந்தத் தடவை ரயில் ஏறினால் அப்புறம் எந்த பஸ்ஸில் போய்த் தேடுவாள்? சொல்லிவிட வேண்டும், எப்படியாவது சொல்லிவிட வேண்டும் என்று வெள்ளிக்கிழமை முழுக்க மனசுக்குள் ஒத்திகை பார்த்துக்கொண்டே வந்தாள்.

அன்றைக்கென்று கைப்பையின் வார் கிளட்ச்சில் போய் மாட்டிக்கொண்டது. வண்டி குலுங்கி நின்றது.

"பையைக் குடுங்க. ஓட்டி முடிக்கிற வரைக்கும் வெச்சிருக்கேன்."

கையை நீட்டினான். அதே கை... அதே மாதிரி நீட்டல். அனுசியாவுக்குக் கண்ணீர் முட்டிக்கொண்டு வந்தது. கொடுத்தால் அங்கேயே அழுதுவிடுவாள் போலிருந்தது.

"வேணாம்" என்றாள்.

அந்தக் கை கொஞ்ச நேரம் அப்படியே நின்றது. பிறகு மெதுவாக மடங்கியது.

"சரிங்க. எனக்கு இது புதுசு இல்ல."

"எது?"

"நான் நீட்டறதும்... நீங்க தாண்டிப் போறதும்."

ஞாபகம் இருக்கிறது! அவனுக்கு எல்லாம் ஞாபகம் இருக்கிறது! சந்தோஷம் வந்த வேகத்திலேயே கோபமும் பொத்துக்கொண்டு வந்தது.

"ஞாபகம் இருந்துமா ஊமையாட்டம் செருப்பை எடுத்து வெச்சீங்க?"

"நீங்க மட்டும் தெரிஞ்ச மாதிரி காட்டிக்கிட்டீங்களா?"

"நான் ஏன் காட்டிக்கணும்? அடுத்த ஸ்டாப்புலயே எறங்கி ஓடுனது நீங்க!"

"வேற ஒருத்தங்ககிட்ட குடுத்தது நீங்க!"

அண்ணன் இருந்தான் என்று ஒரே வார்த்தை... உதடு வரைக்கும் வந்தது. பதினாலு வருஷ வீம்பு அதைப் பிடித்து உள்ளே தள்ளிவிட்டது. என்ன ஏதென்று கேட்காமல் போனவனுக்கு நான் ஏன் சொல்லணும்? சாவியை வண்டியிலேயே விட்டுவிட்டு விறுவிறுவென்று நடந்தாள். வீட்டுக்கு வந்து தலையணையில் முகத்தைப் புதைத்து அழுததை யாரும் பார்க்கவில்லை.

சனிக்கிழமை மழை பிடித்துக்கொண்டது. சாயங்காலத்துக்குள் விளக்குகளைச் சூளையில் அடுக்கியாக வேண்டும். அவன் வரமாட்டான் என்றுதான் நினைத்தாள். யூனிட் வாசலில் வண்டிச் சத்தம் கேட்டது.

"மாமா குடுக்கச் சொன்னாரு" என்று சாவியை நீட்டினான். முகத்தைப் பார்க்கவில்லை.

தட்டுத் தட்டாக விளக்குகளை ஏற்றினார்கள். மேலே தார்ப்பாய் போட்டால் காற்று அதைத் தூக்கித் தூக்கி அடித்தது. பச்சை விளக்கு ஒரு சொட்டு தண்ணி பட்டாலும் கரைந்து சேறாகிவிடும். யாராவது பின்னால் உட்கார்ந்து பிடித்துக்கொண்டுதான் போக வேண்டும்.

"எனக்கு முட்டி வலி" என்றாள் மாரியம்மாள். இத்தனை நாள் இல்லாத முட்டி வலி!

அவனே ஏறி, அவள் முதுகுக்குப் பின்னால் உட்கார்ந்து தார்ப்பாயைப் பிடித்தான். அனுசியா வண்டியைக் கிளப்பக் கையை வைத்தாள். தோளில் பை ஆடியது. கிளட்ச்சைப் பார்த்தாள். பையைப் பார்த்தாள். அதைக் கழற்றித் திரும்பாமலே பின்னால் நீட்டினாள்.

"பையைக் கொஞ்சம் வெச்சிருக்கீங்களா?"

பையின் கனம் அவள் கையைவிட்டுப் போனது.

வண்டி மெதுவாக நகர்ந்தது. முகம் பார்க்காமல் பேசுவது எவ்வளவு சுலபம் என்று அவளுக்கு அப்போதுதான் தெரிந்தது.

"அன்னைக்கு எனக்குப் பின்னாடியே எங்க அண்ணன் ஏறியிருந்தாங்க. பாத்திருந்தா காலேஜையே நிறுத்தியிருப்பாங்க."

கண்ணில் விழுந்த மழையைத் தோளில் துடைத்துக்கொண்டாள்.

"மறுநாள் சொல்லலாம்னு வந்தேன். நீங்க இல்ல. அதுக்கு மறுநாளும் இல்ல. அப்புறம் யாருகிட்டயும் குடுக்கல. கடைசிப் பரீட்சை வரைக்கும் கையிலயே வெச்சிக்கிட்டு நின்னுட்டு வந்தேன்..."

குரல் உடைந்துபோனது. குழி வந்தது. சாயாமல், ஹேண்டிலை இழுத்துத் திருப்பினாள். தட்டுகள் லேசாகக் குலுங்கி அடங்கின.

"நான் ஒரு மடையன்ங்க" என்றான் அவன். குரல் அவனுக்கும் சரியில்லை. "என்னைப் புடிக்கலைன்னு நானே முடிவு பண்ணிக்கிட்டேன். மறுநாள்லேருந்து அதுக்கு முன்னாடி வர்ற பஸ்ஸைப் புடிச்சேன். அந்தப் பேண்ட்டு இன்னும் இருக்குது. சாம்பார் கறை போவவே இல்ல. எங்கம்மா எத்தனையோ தடவை தூக்கிப் போடப் பாத்தாங்க... குடுக்கல."

அனுசியா அழுதுகொண்டே சிரித்தாள். மழைக்கு அது தெரியவா போகிறது?

சூளை வந்தது. பிரேக்கை மிதித்தாள். ரெண்டு காலும் இருந்த இடத்திலேயே இருந்தன. தார்ப்பாயை விலக்கிப் பார்த்தால் ஒரு விளக்குகூட நனையவில்லை. ஆட்கள் வந்து தட்டுகளை இறக்கிக்கொண்டு போனார்கள்.

"பாஸு பண்ணிட்டீங்க" என்றான். "இனிமே நீங்களே ஓட்டிக்கலாம். வண்டிக்கு வேற ஆளு வேணாம்."

"அப்ப ஞாயித்துக்கெழம ரயிலா?"

அவன் காலியான வண்டியில் ஏறி, பழைய இடத்திலேயே உட்கார்ந்தான். பையை மடியில் வைத்து ரெண்டு கையாலும் பிடித்துக்கொண்டான்.

"உங்க பை எங்கிட்ட இருக்குதே, அனுசியா... எப்படிப் போறது?"

அவன் வாயிலிருந்து தன் பேரை முதல்முறையாகக் கேட்டாள். கண்ணாடியில் அந்தத் தூக்கக் கண்கள் அவளையே பார்த்துக்கொண்டிருந்தன. இனிமேல் என்ன வீம்பு வேண்டிக் கிடக்கிறது?

"எனக்கு உங்களை அப்பவே புடிக்கும்" என்றாள். "இப்பவும் புடிக்குது. நேரா எங்க வூட்டுக்குத்தான் போறேன். அண்ணன் இருக்காங்க. இன்னைக்கு அவங்க எதிர்ல நின்னாலும் பை உங்க மடியிலதான். நீங்க மட்டும் நடுவுல எறங்கிடாதீங்க..."

"எறங்கல" என்றான் நந்தகுமார்.

அவள் வண்டியைக் கிளப்பினாள்.