இருபத்தெட்டுப் பவுண்டு

மீட்டர் இருபத்தெட்டுப் பவுண்டு என்றது. அகத்தா நம்பவில்லை. இன்னொரு முறை வால்வில் வைத்து அழுத்திப் பார்த்தாள். இருபத்தெட்டுதான். ஆனால் லாண்ட்ரோவரின் இடது முன் டயர் அடியில் பிதுங்கிக்கொண்டு நின்றது. அதே இருபத்தெட்டுக்குச் சற்று முன்னால் அடித்து முடித்த வலது டயர் நிமிர்ந்து நிற்க, இதற்கு மட்டும் தொப்பை. காற்றுக் குறைந்து விழுகிற தொப்பை வேறு, பக்கத்து இருக்கையில் ஆள் உட்கார்ந்தால் விழுகிற தொப்பை வேறு. அந்த வித்தியாசம் அவளுக்கு நன்றாகத் தெரியும். இது இரண்டாவது வகை. வண்டிக்குள் யாரும் இல்லை.

மணி ஆறு தாண்டியிருந்தது. மழை விட்ட கித்தா ரப்பர் மரங்களிலிருந்து சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் வண்டியின் கித்தான் கூரைமேல் விழுந்துகொண்டிருந்தது. எங்கோ கீழே ஓடை உருளும் சத்தம், சில்வண்டுகளின் இரைச்சல், செம்மண்ணும் புளித்த ஒட்டுப்பாலும் கலந்த வாடை. காட்டுச் சேறு முடிந்து கெட்டியான செம்மண் சாலை தொடங்குகிற இடம் அது. சேற்றில் போவதற்காகக் காலையில் டயர்களில் பாதிக் காற்றை இறக்கிவிட்டிருந்தாள். தளர்ந்த டயர்தான் சேற்றில் அகலமாக உட்கார்ந்து பிடிக்கும். ஆனால் அப்படியே செமிலிங் தார்ச்சாலையில் ஏறினால் முதல் வளைவிலேயே ரிம்மைவிட்டுக் கழன்றுவிடும். ஆகவே திரும்பி வந்ததும் நாலு டயருக்கும் கைப்பம்பால் அடித்தாக வேண்டும். ஒரு டயருக்கு நூறு குத்து. தோள்பட்டை ஏற்கெனவே கழன்றுவிடும்போல் இருந்தது.

இதெல்லாம் அவள் புருஷன் சொல்லிக்கொடுத்தது. அவர் அந்தத் தோட்டத்து லாண்ட்ரோவர் டிரைவர். ஞாயிற்றுக்கிழமைப் பூசை முடிந்ததும் மனைவியை ஸ்டீயரிங் முன்னால் உட்காரவைத்து, தோட்டமே சிரிக்க ஓட்டக் கற்றுக்கொடுத்தவர். மீட்டரைவிட டயரின் வயிற்றைப் பார் என்பார். கண்ணை மூடிக்கொண்டு நின்று, ஆட்களை ஏறச் சொல்லி, பிறகு டயரை மட்டும் பார்த்து யார் எந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று சொல்லிவிடுவார். அதில் அவருக்கு அவ்வளவு பெருமை.

பதினொரு நாளைக்கு முன்னால், மேல் டிவிஷனுக்கு அப்பால் ஓடைப் பாலம் இருக்கிறதா போய்விட்டதா என்று பார்த்துவரப் போனவர் திரும்பவில்லை. வண்டி மட்டும் கிடைத்தது. இதே இடத்தில், மூன்று டயருக்குக் காற்று அடித்து முடித்து, நாலாவதின் வால்வில் பம்புக் குழாய் மாட்டியபடி. போலீஸ் இரண்டு நாள் தேடிவிட்டுப் போனது. மூன்றாம் நாள் பேச்சு கிளம்பியது. ஆபீசில் கணக்கெழுதும் கிராணி தர்மலிங்கம் வீட்டுக்கே வந்து, ஆறுதல் சொல்கிற குரலில், ஆளை அலோர்ஸ்டார் பட்டணத்து மெர்கோங்கில் ஒரு பெண்ணோடு யாரோ பார்த்ததாகச் சொன்னார். அகத்தா கேட்டுக்கொண்டு கதவைச் சாத்தினாள். தொழிலாளர் வீடுகள் வரிசையாக நிற்கும் லயத்தில் அவளைப் பார்த்ததும் பெண்கள் குரலைத் தாழ்த்தினார்கள். அந்தத் தாழ்ந்த குரலை அவளால் பொறுக்க முடியவில்லை. அவர் செத்திருக்கலாம். ஓடிப்போகவில்லை. இது அவளுக்கு நிச்சயம்.

இன்று மேனேஜர் துரை பினாங்குக்குப் போயிருந்தார். அகத்தா ஆபீசுக்குள் நுழைந்து ஆணியில் தொங்கிய சாவியை எடுத்தாள். தர்மலிங்கம் வாசலை மறித்துத்தான் பார்த்தார்.

"துரை நாளைக்குக் காலையில வந்துருவாரு, தங்கச்சி. இருட்டறதுக்குள்ள வண்டி ஷெட்டுல இருக்கணும்லா."

"வண்டியும் வரும், அவரும் வருவாரு" என்றாள் அகத்தா.

பகல் முழுக்கத் தேடியும் ஒரு செருப்புகூடக் கிடைக்கவில்லை. கடைசியில் ஆத்திரம் தாங்காமல் ஓடைக்கரையில் நின்று தொண்டை கிழியக் கூப்பிட்டாள். வண்டியைத் திருப்பிக்கொண்டு வந்துவிட்டாள்.

இப்போது இந்தத் தொப்பை. தரை இளகியிருக்கும் என்று வண்டியை இரண்டு கஜம் முன்னால் நகர்த்திப் பார்த்தாள். அப்படியேதான் இருந்தது. குனிந்து ஸ்பிரிங் பட்டையைத் தடவினாள், உடையவில்லை. முப்பத்திரண்டு வரைக்கும் அடித்துப் பார்த்துவிட்டு, டயர் நிமிராததைக் கண்டு மறுபடி இருபத்தெட்டுக்கு இறக்கினாள். பிறகு, செய்யக்கூடாது என்று நினைத்துக்கொண்டே, எழுந்து இடது பக்க ஜன்னல் வழியாக உள்ளே பார்த்தாள்.

இருக்கையின் ரெக்சின் நடுவில் அமுங்கியிருந்தது. சாய்மானமும்தான். கிழிந்த தையலின் வாய் கனத்தால் விரிந்து, உள்ளேயிருந்த தேங்காய் நார் தெரிந்தது. அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே தையல் இன்னும் கொஞ்சம் விரிந்தது, உட்கார்ந்திருப்பவர் வசதியாகச் சாய்ந்துகொள்வதுபோல.

கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அகத்தாவுக்குப் பயம் வந்தால் கூடவே கோபமும் வந்துவிடும். இந்த முறை கோபத்துக்குப் பின்னால் சந்தோஷமும் வந்தது. தான் சொன்னதுதான் சரி. அவர் மெர்கோங்கிலும் இல்லை, எவளோடும் இல்லை. இங்கேதான் இருந்திருக்கிறார். செத்தவர் என்று புரியாமல் இல்லை. செத்தவராகவே வரட்டும். நாளைக் காலைப் பெரட்டில், ஆள் கணக்கெடுக்க எல்லாரும் வரிசையில் நிற்கும்போது, இந்த இருக்கையை அவர்களுக்குக் காட்டுவாள். அப்புறம் கோயில் கல்லறையில் சிலுவை நட்டு ஒரு பூசை வைத்தால், இந்தப் பேச்சு அத்தனையும் மூடிக்கொண்டு போய்விடும்.

"வந்துட்டீங்கல்ல" என்றாள். "சரி, அப்படியே உக்காருங்க. இன்னும் ரெண்டு டயரு இருக்கு."

உள்ளேயிருந்து வாடை வந்தது. அவர் வாடை பெட்ரோலும் கோடாலித் தைலமும். இது ஓடையடிச் சேறு, இலை மக்கிய சேறு. பதினொரு நாள் மழையில் கிடந்தவரிடம் வேறு என்ன வாடை வரும் என்று தனக்குத்தானே பதில் சொல்லிக்கொண்டு, பம்பைத் தூக்கிக்கொண்டு பின்பக்கம் போனாள்.

இடது பின் டயர். குழாயை மாட்டினாள். குத்தினாள். பம்பு இறங்கும்போது ஒரு சீறல், ஏறும்போது ஒரு முனகல். பத்து, இருபது, முப்பது. மரங்களுக்கிடையில் வெளிச்சம் வற்றிக்கொண்டே வந்து, பால் வடியும் கோப்பைகள் மட்டும் வெள்ளை வெள்ளையாகத் தெரிந்தன. அறுபதாவது குத்தில் சில்வண்டுகள் ஒரேயடியாக நின்றன. எழுபதாவதில் ஸ்பிரிங் கிறீச்சிட்டது. அவள் கண்ணெதிரே, காற்று ஏறிக்கொண்டிருந்த டயர், அடியில் பிதுங்கியது.

அகத்தா குத்துவதை நிறுத்தினாள்.

மறுபடி கிறீச். வண்டியின் பின்பக்கம் இன்னும் ஒரு விரல்கடை தாழ்ந்தது. மறுபடி. வலது பக்கமும் தாழ்ந்தது. ஆட்களை ஏற்றிப் பழகிய வண்டி அது. காலையில் பால்வெட்டுக்குப் போகிறவர்கள் ஒவ்வொருவராக ஏறி எதிரெதிர்ப் பலகைகளில் உட்காரும்போது எப்படி அசையுமோ அப்படியேதான் அசைந்தது. பேச்சு மட்டும் இல்லை.

அப்போதுதான் ஓடைக்கரையில் தான் கூப்பிட்டது அவளுக்கு நினைவு வந்தது. "என்னங்க, போதும். வண்டில ஏறுங்க, வீட்டுக்குப் போவோம்." அவ்வளவுதான் கத்தியிருந்தாள். பெயர் சொல்லவில்லை. கல்யாணமாகி ஒன்பது வருஷத்தில் ஒருநாளும் சொன்னதில்லை. ஞானஸ்நானம் வாங்கிய குடும்பம்தான். ஆனாலும் புருஷன் பெயரைப் பெண்சாதி வாயால் சொல்வதில்லை என்பதை மட்டும் யாரும் விடவில்லை. பிள்ளை இருந்தால் பிள்ளையின் பெயரோடு அப்பா என்று சேர்த்துக் கூப்பிட்டிருப்பாள். பிள்ளையும் இல்லை. போலீஸ் ஸ்டேஷனில் காணாமல் போனவர் பெயரென்ன என்று கேட்டபோதுகூட, அவருடைய பழைய லைசென்ஸை எடுத்து நீட்டினாளே தவிர வாயைத் திறக்கவில்லை.

வீட்டுக்குப் போவோம் என்று யாரையென்று சொல்லாமல் கூப்பிட்டிருக்கிறாள். ஜப்பான்காரன் காலத்தில் இந்தக் காட்டுக்குள் ஓடி ஒளிந்தவர்கள், வெள்ளத்தில் போனவர்கள், பால்வாளியோடு காணாமல் போனவர்கள். அந்த ஓடைக்கு அப்பால் வீடு திரும்பாமல் எத்தனை பேர் கிடந்தார்களோ, அவர்களுக்கெல்லாம் காது இருந்திருக்கிறது.

ஓடிவிடலாம். லயம் மூன்று மைல்தான். கால்கள் ஓடத் தயாராகவே இருந்தன. ஓடினால் அவர் அந்த இருக்கையிலேயே கிடப்பார், இந்தக் கூட்டத்தோடு. புருஷனைப்போலவே பெண்சாதியும் பம்பை மாட்டியபடி விட்டுப் போய்விட்டாள் என்று இன்னொரு பேச்சும் கிளம்பும். அகத்தா பம்பின் கைப்பிடியை இறுகப் பிடித்தாள். மீதி முப்பது குத்தையும் குத்தினாள். மீட்டர் வைத்தாள். இருபத்தெட்டு. மூடியைத் திருகினாள்.

வலது பின் டயர். நாலாவது.

பின்பக்கக் கித்தான் திரை சுருட்டிக் கட்டியிருந்தது. அவள் தலைக்கு நேர்மேலே அந்தத் திறந்த இருட்டு. நிமிர்ந்து பார்க்கவில்லை. குத்தினாள். அவள் மூச்சு வாங்கியது. அவள் நிறுத்தி மூச்சு விட்டபோது மேலே பல மூச்சுகள் நின்றன. அவள் தொடங்கியபோது தொடங்கின. பிடரியில் ஒரு சொட்டு விழுந்தது. குளிர்ந்த சொட்டு. துடைத்தாள். சேறு. குத்தினாள். தொண்ணூறு. தொண்ணூற்றொன்று. நூறு. இருபத்தெட்டு.

"ஏறினவங்க ஏறினவங்கதான்" என்றாள், யாரையும் பார்க்காமல். "எல்லாரையும் ஆபீஸ் வாசல்ல எறக்கிவிடறேன். ஆனா ஒருத்தரு என் வீட்டுக்கு வரணும். அதுல யாரும் குறுக்க வரக்கூடாது."

பம்பைக் காலடியில் போட்டுவிட்டு ஏறி உட்கார்ந்தாள். சாவியைத் திருப்பினாள். எஞ்சின் பிடித்தது. விளக்கைப் போட்டதும் செம்மண் சாலை நீளமாக, வெறுமையாக எதிரில் வந்து நின்றது. முதல் கியரில் வண்டி நகரவே மறுத்து, முக்கி, பிறகு நகர்ந்தது. ஸ்டீயரிங் கல்லாகக் கனத்தது. இடது தோளில் ஐஸ்பெட்டியைத் திறந்து வைத்ததுபோல் குளிர். அந்தப் பக்கம் திரும்பவில்லை. அருள்நிறைந்த மரியே சொல்லத் தொடங்கிப் பாதியில் மறந்து, மறுபடி முதலிலிருந்து சொன்னாள்.

ஐம்பது கஜம் போயிருக்கும். நூறு போயிருக்கும். குளிர் நெருங்கிக்கொண்டே வந்தது. ரெக்சின் கிசுகிசுத்தது. பக்கத்தில் இருப்பவர் இவள் பக்கமாகத் திரும்புகிறார். முகத்துக்கு நேராகச் சேற்று வாடை. இதற்கு ஒரே வழிதான் இருந்தது. சாகட்டும் வழக்கம், என் புருஷன் எனக்கு வேண்டும் என்று நினைத்தாள். சாலையிலிருந்து கண்ணை எடுக்காமல், வாழ்க்கையில் முதல் முறையாகச் சொன்னாள்.

"கிளாரன்ஸ்."

பக்கத்து இருக்கை அசைவதை நிறுத்தியது.

பதில் அங்கேயிருந்து வரவில்லை. பின்னால், வெகு தூரத்தில், அவர்கள் விட்டுவந்த சேற்றுப் பக்கத்திலிருந்து வந்தது. மூச்சிரைக்கிற குரல். ஒன்பது வருஷமாக அவள் கேட்டுப் பழகிய குரல்.

"அகத்தா, நில்லு. நான் இன்னும் ஏறல."

பிரேக்கை மிதித்தாள். வண்டி குலுங்கி நின்றது. கண்ணாடியில், பின்விளக்கின் சிவப்பு விழுந்த சாலையில், யாரோ தள்ளாடி ஓடிவருவது தெரிந்தது. ஒரு காலில் செருப்பில்லை. ஒரு கையைத் தூக்கி ஆட்டிக்கொண்டே வந்தார்.

"வாங்க" என்று கத்தினாள். "நான் நிக்கறேன், வாங்க."

கியர் கம்பியைப் பிடித்தாள். ரிவர்ஸ் இடது ஓரம். இடப்பக்கம் தள்ளினாள். அவள் கைமேல் இன்னொரு கை விழுந்தது. ஈரமான கை. விரல்கள் நீளம். அது அவள் விரல்களோடு கம்பியையும் சேர்த்துப் பிடித்து, மெல்ல, முதல் கியருக்குத் திருப்பியது.

அகத்தா விடவில்லை. ஸ்டீயரிங்கை விட்டுவிட்டு வலது கையையும் கொண்டுவந்து, இரண்டு கையாலும் தள்ளினாள். பல்லைக் கடித்துக்கொண்டு தள்ளினாள். கம்பி நடுவில் நின்று நடுங்கியது. செருப்பில்லாத கால் மண்ணில் அறையும் சத்தம் கிட்டே வந்தது. இருபது கஜம். பத்து.

பின்னால் பலகைகள் கிறீச்சிட்டன. எல்லாரும் எழுந்து நின்றார்கள். சுருட்டிக் கட்டியிருந்த கித்தான் திரையின் முடிச்சை உள்ளேயிருந்து யாரோ அவிழ்த்தார்கள். கண்ணாடியில், தூக்கிய அந்தக் கை வண்டியைத் தொடப்போகிற நேரத்தில், திரை இறங்கியது.