ஒரு விரற்கடை குறைவு

குச்சி ஒரு விரற்கடை குறைவாக இறங்கியது.

செர்வே அதை வெளியே எடுத்து மறுபடி விட்டுப் பார்த்தார். பழைய துப்பாக்கி சேர்ப்பவர்கள் முதலில் செய்கிற காரியம் இது. குழலுக்குள் மெல்லிய மரக்குச்சியை விட்டு, வாயோரத்தில் கட்டைவிரலால் அடையாளம் பிடித்து, அதே குச்சியை வெளிப்புறமாக வைத்து அளப்பார்கள். அடிவரை எட்டினால் குழல் காலி. எட்டாவிட்டால் உள்ளே குண்டு இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை ஆற்றங்கரைச் சந்தையில் வாங்கும்போது எட்டியது. திங்கள் சாயங்காலம் எட்டவில்லை.

உள்ளங்கைக்குள் அடங்கிவிடுகிற சட்டைப்பைத் துப்பாக்கி. இருநூறு வருடத்துக்கு முன் இந்த லியேஜ் ஊரிலேயே செய்தது. மேலே இருக்கிற சுத்தியைப் பின்னால் இழுத்தால்தான் வயிற்றுக்குள்ளிருந்து விரல் வைக்கிற விசை வெளியே வரும். அதுவரை பரம சாது. அதோடு வந்த பெட்டியில் ஜோடிக்காக இரண்டு குழிகள், இரண்டாவது காலி. துப்பாக்கியின் அடியில் 1 என்று வெட்டியிருந்தது. இரண்டாவது எங்கே என்று கேட்டபோது, விற்ற கிழவர் பெட்டியைத் துணியில் சுற்றிக்கொண்டே, "அது எங்கயும் போகாதுங்க" என்றார்.

சாவி போட்டுக் குழலைத் திருகிக் கழற்றினார். ஈயக்குண்டு உருண்டு விழுந்தது. பின்னாலேயே கொட்டிய வெடிமருந்தில், நேற்று அரைத்தது போலக் கந்தக வாடை. துடைத்து வைத்தார். செவ்வாயன்று மறுபடி குண்டு இருந்தது. புதன்கிழமை சாவியைக் கயிற்றில் கோத்துக் கழுத்தில் மாட்டிக்கொண்டார். அப்போதும் இருந்தது.

வீட்டில் இருப்பது இரண்டே பேர். முப்பத்து நான்கு வருடமாக அந்த இரண்டே பேர்தான். இப்போது மழை ஓட்டில் வழிகிற சத்தத்துக்கு அடியில் கிஸ்லேன் செருப்பு தேய நடப்பதும், அலமாரிக் கதவு ஒன்று மெதுவாக மூடப்படுவதும், அவள் கைகளை ஒருமுறைக்கு இருமுறை கழுவுவதும், வெங்காயம் வதங்குகிற வாசனைக்குள் எங்கோ கந்தகம் ஒளிந்திருப்பதுமாக, செர்வேயின் காதும் மூக்கும் ஓயவில்லை. அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்கள். செர்வேயின் கண்ணுக்கு இருண்டதெல்லாம் மனைவி.

வியாழக்கிழமை அந்த அலமாரியைத் திறந்தார். பேரிக்காய்ப் பாகு ஜாடிக்குப் பின்னால் இன்னொரு ஜாடி. அதில் மூன்று ஈயக்குண்டுகள். சாப்பாட்டு மேஜையில் அவள் தட்டுக்கு எதிரே கொண்டுவந்து வைத்தார்.

"என்ன இது?"

கிஸ்லேன் முள்கரண்டியைக் கீழே வைத்தாள். "குண்டு."

"யாரு போட்டது?"

"போட்டது யாருன்னு தெரியாது. எடுத்தது நான். ராத்திரியில ஒண்ணு ஏறுது, விடியறப்ப நான் எடுக்கறேன். பகல்ல ஒண்ணு ஏறுது, அதை நீங்க எடுக்கறீங்க. தூசி தட்டிட்டு, குழலுக்குள்ள ஒத்தக் கண்ண வச்சுப் பாப்பீங்களே, அந்தப் பயம்தான் எனக்கு."

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"சொன்னா அதை வித்துருவீங்களா? என்னை வேணா வித்துருவீங்க."

அவர் சிரிக்கவில்லை. "சாவி என் கழுத்துல கெடக்கு. எப்படித் தெறந்த?"

"துப்பாக்கிப் பட்டறைக்காரன் மககிட்ட ஒரு சாவி இருக்காதா? எங்கப்பாவோடது."

அவருக்கு அது போதும். ஜாடி, சாவி, பயிற்சி உள்ள கை. கொல்லப் பார்க்கிறாள்.

"உன் தங்கச்சி வீட்டுக்குக் கெளம்பு. இப்பவே."

அவள் எழுந்தாள். "நாளைக்கு விடியறப்ப எடுக்க ஆள் இருக்காதுங்க. ஞாபகம் இருக்கட்டும்." கோட்டைக்கூட எடுக்காமல் மழையில் இறங்கினாள்.

கதவைத் தாழிட்டுச் சங்கிலி போட்டார். நெஞ்சு லேசானது. அதற்காகக் கொஞ்சம் வெட்கமாகவும் இருந்தது. மேஜைக்கு வந்து, துப்பாக்கியைப் பெட்டியிலிருந்து எடுத்துக் குச்சியை விட்டார்.

அடிவரை எட்டியது.

ஆக, அவள்தான். அவள் போனதும் குழல் காலி. அவருக்குக் கண் கலங்கியது. ஆசுவாசமா அழுகையா என்று தெரியவில்லை. விளக்கை நோக்கிக் குழலைத் தூக்கி, வழக்கம்போல் ஒற்றைக் கண்ணை வைத்துப் பார்த்தார். தூசுகூட இல்லை.

இறக்கும்போது கட்டைவிரல் அடியில் வெட்டிய எண்ணைத் தடவியது. நேர்க்கோடு இல்லை. வளைவு.

விளக்கடியில் திருப்பினார். 2.

பெட்டியைப் பார்த்தார். இதை எடுத்தது இரண்டாவது குழியிலிருந்து. முதல் குழியும் காலி. அதன் வெல்வெட்டைத் தொட்டார். சூடு.

வாசல் நடையில் ஒரு சொடுக்கு. சுத்தி பாதி.

இன்னொரு சொடுக்கு. முழுசு.

"கிஸ்லேன்?"

தாழ் போட்டபடி இருந்தது. சங்கிலி போட்டபடி இருந்தது. ஆணியில் அவளுடைய கோட்டு. கோட்டின் இடது கை தொங்கியது. வலது கை தொங்கவில்லை. அவர் முகத்துக்கு நேராக நீண்டிருந்தது. அதற்குள் விரல் எதுவும் இல்லை. சின்னதாக, வட்டமாக ஓர் இருட்டு, குழலின் வாய். அதற்கு அடியில் விசை மெல்ல இறங்கிக்கொண்டிருந்தது.